அரைத்த மாவும் அரை மணி நேரமும்

"அரைத்த மாவையே அரைக்கிறான்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் நம் ஊரில் அதைப் புகழ்ச்சியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த மாவரைக்கும் காரியத்தையே ஒரு பொழுதுபோக்காக்கி, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு, லட்சக்கணக்கான ஜனங்களை இரவெல்லாம் கண் விழிக்க வைத்த கதை ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் சரித்திரத்தில் வருகிற கதை அது. அந்த விளையாட்டுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரும் 'கிரைண்ட்' என்பதுதான். நம் சமையலறையில் உளுந்து அரைக்கிறதே, அந்தக் கிரைண்டருக்குச் சொந்தக்காரச் சொல்!

இந்த விளையாட்டு வகைக்கு 'ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங்' என்று நீளமான பெயர். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளியது. ஆடுகிறவர் வீரன், மந்திரவாதி என்று ஏதேனும் ஒரு வேஷத்தை ஏற்றுக்கொள்கிறார். திரையில் தெரியும் பாதாளத்தில் இறங்குகிறார். எதிர்ப்படும் பூதங்களை அடிக்கிறார். பூதம் விழுந்ததும் ஒரு வாளோ, கவசமோ, மோதிரமோ சிதறுகிறது. கையில் இருப்பதைவிட அது நல்லதாயிருந்தால் எடுத்து அணிந்துகொண்டு, இன்னும் பெரிய பூதத்தைத் தேடிப் போகிறார். மறுபடி அடி, மறுபடி பொருள், மறுபடி பூதம். "இதில் என்ன ஐயா சுவாரஸ்யம்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடித்தான் இந்த விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் பல வருஷங்களாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களுடைய சங்கடம் இது: தினம் நாலு மணி நேரம் ஆடி, அபூர்வமான ஒரு பொருளுக்காக மாதக் கணக்கில் தவம் கிடக்கிறவர் ஒருவர். ஆபீஸிலிருந்து வந்து, குழந்தைகளைத் தூங்கப் பண்ணிவிட்டு, அரை மணி நேரம் ஆடிவிட்டுப் படுக்கலாம் என்று உட்காருகிறவர் இன்னொருவர். எளிதில் கொடுத்தால் முன்னவருக்கு அலுத்துப் போகிறது. அரிதாகக் கொடுத்தால் பின்னவருக்கு வெறுத்துப் போகிறது. தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தச் சங்கடம் நன்றாய்ப் புரியும். முதல் அத்தியாயத்தில் வந்த குதிரையின் நிறத்தைக்கூட நினைவு வைத்திருக்கும் வாசகர் உண்டு. ரயிலில் யாரோ விட்டுப்போன இதழில் ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் படிக்கிற வாசகரும் உண்டு. இருவரையும் நான் கைவிட முடியாது. ஆகவே இந்தச் சரித்திரத்தில் எனக்கு ஒரு சொந்த அக்கறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதியில் இது மாணவர்களின் விளையாட்டாகத்தான் இருந்தது. 1980-ஐ ஒட்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் கல்விச்சாலையில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு இளைஞர்கள் 'ரோக்' என்ற விளையாட்டைச் செய்தார்கள். அதில் படமே கிடையாது. திரையில் ஓர் எழுத்து வந்து நின்றால் அதுதான் பூதம். ஒவ்வொரு தடவையும் பாதாளம் புதிதாக அமையும். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வழியில் 1983-இல் ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் 'மோரியா'வும், 1990-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் 'ஆங்பாண்ட்'டும் பிறந்தன. எல்லாம் சதுரங்கம் போலத்தான்: நீ ஒரு காய் நகர்த்து, நான் ஒன்று நகர்த்துகிறேன். பொறுமை வேண்டும், நேரமும் வேண்டும். மாணவர்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை போலிருக்கிறது.

இவற்றை ஆடி வளர்ந்தவர் டேவிட் பிரெவிக். சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே டயாப்லோ என்றொரு மலை இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அதற்குச் 'சாத்தான்' என்று அர்த்தம். அதன் அடிவாரத்தில் இளமையைக் கழித்த பிரெவிக், தாம் மனத்தில் வைத்திருந்த விளையாட்டுக்கு அந்தப் பெயரையே சூட்டினார். 1993-இல் ஷேஃபர் சகோதரர்களுடன் சேர்ந்து காண்டர் என்ற சிறு ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். அவர் திட்டமிட்டிருந்ததும் சதுரங்க மாதிரி விளையாட்டுத்தான். வெளியிட முன்வந்த பிளிஸார்ட் கம்பெனியார் மட்டும், "காய் நகர்த்திக் காத்திருப்பதெல்லாம் வேண்டாம், அடித்தால் உடனே விழ வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தார்கள். பிரெவிக்குக்கு இஷ்டமில்லை. ஆபீஸில் வோட்டு எடுத்தார்கள். பெரும்பான்மை மாற்றத்தின் பக்கம் விழுந்தது. வேலை பெரிது, தாமதமாகும், கூடுதலாகப் பணம் வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லிச் சம்மதமும் வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் உட்கார்ந்தார். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது! திரையில் நின்ற எலும்புக்கூட்டின் மேல் சுட்டியை அழுத்தினார். வீரன் நடந்து போய் ஒரே போடு போட்டான். எலும்புக்கூடு நொறுங்கிச் சிதறியது. 2016-இல் ஒரு மாநாட்டில் இந்தக் கதையை அவரே சொன்னார்.

அந்த ஒரு போடுதான் அரை மணி நேரக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டது. விதிமுறைப் புத்தகம் எதுவும் வேண்டாம். ஒரு விரல் போதும். அடிப்பதே சுகமாயிருந்தது. 1996 முடிந்து 1997 பிறக்கிற சமயத்தில் 'டயாப்லோ' வெளிவந்தது. பதினாறு அடுக்குப் பாதாளம். இறங்கி முடித்தால் கதையும் முடிந்தது.

மாவரைப்பு முழு வேகத்தில் தொடங்கியது 2000-ஆம் ஆண்டு ஜூனில் வந்த 'டயாப்லோ 2'-இல்தான். கதையை ஒரு முறை முடித்தால் அதே கதையை இன்னும் கடுமையாக இரண்டாம் முறை, அதைவிடக் கொடுமையாக மூன்றாம் முறை! தொண்ணூற்றொன்பது படிகள் ஏறலாம். மேல்படிகளில் ஏறுவது எறும்பு ஊர்வது போல. அங்கே செத்தாலோ, சேர்த்த அனுபவத்தில் ஒரு பகுதி போய்விடும். ஆனாலும் ஜனங்கள் ஒரே அசுரத் தலைவனை நூறு தடவை, ஆயிரம் தடவை கொன்றார்கள். ஏன்?

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனைகள் பிரசித்தமானவை. ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-இல் அவற்றைப் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். ஆனால் எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாது. அப்படி வைத்தால் புறா ஓயாமல் கொத்துகிறது. சூதாட்ட யந்திரத்தின் ரகசியமும் இதுதான். பூதத்திடமிருந்து விழும் வாளுக்கும் இந்தச் சூத்திரமே. அப்படியானால் இந்த விளையாட்டும் ஒரு சூதாட்டம்தானா?

முழுவதும் அப்படி இல்லை என்பது என் கட்சி. நம் வீட்டில் மாவரைப்பது காலையில் தோசை வார்ப்பதற்காக. அரைத்ததற்கும் தின்பதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. கிடைத்த வாளைக் கையில் எடுத்ததும் அடுத்த அடி பலமாக விழுகிறது. நேற்று நம்மை விரட்டிய பூதம் இன்று ஓடுகிறது. அந்தச் சம்பந்தம் இருக்கிற வரையில் அலுப்புக்கு ஓர் அர்த்தம் உண்டு. அது அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி சொல்கிறது.

'டயாப்லோ 2'-இல் தங்கக் காசுக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. 'ஜோர்டான் கல்' என்ற மோதிரமே நாணயமாகப் புழங்கியது. உடனே கள்ள மோதிரங்களும் கிளம்பின. விளையாட்டுக்கு வெளியே நிஜ டாலருக்கு வாளும் கவசமும் விலை போயின. மோசடிக்காரர்கள் கொழிப்பதைப் பார்த்த கம்பெனி, சந்தையை நாமே நடத்திவிடலாமே என்று நினைத்தது. 2012 மே 15-இல் வெளிவந்த 'டயாப்லோ 3' ஒரே நாளில் முப்பத்தைந்து லட்சம் பிரதிகள் விற்றது. அதற்குள்ளேயே ஏலக்கடை. ஜூனில் நிஜப் பணத்துக்கான கடையும் திறந்தது. ஒரு பொருள் 250 டாலர் வரை போகலாம். விற்ற ஒவ்வொரு ஆயுதத்துக்கும் கம்பெனிக்கு ஒரு டாலர் கமிஷன்.

அரை மணி நேரக்காரருக்கு இது வரப்பிரசாதம் என்றுதானே தோன்றும்? நேரமில்லாதவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டுமே! நடந்தது வேறு. உலகமெல்லாம் விழுந்த வாள்கள் ஒரே கடையில் குவிந்தபோது, நம் காலடியில் விழுவது அநேகமாய் எப்போதும் கடைச் சரக்கைவிட மட்டமாகவே இருந்தது. மூன்று வாரம் அடித்தும் கிடைக்காத வாள் மூன்று நிமிஷத்தில் விலைக்குக் கிடைத்தது. வாங்கினவருக்கு அப்புறம் தேட ஒன்றுமில்லை. வாங்காதவருக்கோ தேடுவதில் அர்த்தமில்லை. நாலு மணி நேரக்காரர், அரை மணி நேரக்காரர் இரண்டு பேருமே ஏமாந்தார்கள். விளையாட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜே வில்ஸன், ஏலக்கடைகள் விளையாட்டையே புண்படுத்திவிட்டன என்று 2013-இல் பகிரங்கமாகச் சொன்னார். 2014 மார்ச் 18-இல் கடைகள் மூடப்பட்டன. கமிஷன் வந்துகொண்டிருந்த கடையை ஒரு கம்பெனி தானே மூடியது சாதாரண விஷயமில்லை.

ஜாஷ் மோஸ்கெய்ரா என்பவரின் தலைமையில் நடந்த சீர்திருத்தம் இன்னும் கவனிக்கத்தக்கது. பொருள்கள் குறைவாக விழுந்தன. ஆனால் விழுந்தவை ஆடுகிறவரின் வேஷத்துக்குப் பொருத்தமாயிருந்தன. மந்திரவாதிக்குக் கோடரி விழுந்து அவர் விழிக்கிற சங்கடம் குறைந்தது. அபூர்வப் பொருள்களைச் சந்தையில் விற்க வழியில்லை. கடுமையின் அளவை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். சில நிமிஷங்களில் முடிகிற சின்னச் சின்ன வேலைகள் வந்தன. முடிவே இல்லாத படிகளும் கூடவே வந்தன. அரை மணி நேரக்காரர் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திருப்தியாகப் படுக்கப் போனார். தவசியோ விடிய விடிய ஏறிக்கொண்டிருந்தார். இருவரையும் நடுவழியில் சமரசம் செய்து நிறுத்தவில்லை. ஒரே வீட்டுக்குத் திண்ணையும் வைத்து, நிலவறையும் வைத்தார்கள்.

நிலவறை மட்டுமே போதும் என்பவர்களும் உண்டு. நியூஸிலாந்தில் ஒரு கம்பெனி. 'கிரைண்டிங் கியர் கேம்ஸ்' என்று பெயரிலேயே மாவரைப்பை வைத்திருக்கிறது! 2013 அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட 'பாத் ஆஃப் எக்ஸைல்' இலவசம். அதில் ஆரம்பத்தில் தங்கக் காசு வைக்கவில்லை. பொருளை மாற்றியமைக்கும் கற்களே நாணயம். வேண்டாவிட்டால் செலவழி, வேண்டுமென்றால் உபயோகி. திறமைகளைத் தேர்ந்தெடுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட ஒரு விருட்சம். புதிதாய் வருகிறவர் அதைப் பார்த்தே மிரண்டு போவார். ஆனால் உழைப்பு எங்கே போகிறது என்பதில் அங்கே ஒளிவுமறைவு இல்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை எல்லாரும் வெறுங்கையோடு புதிதாகத் தொடங்கும் ஏற்பாடும் உண்டு. கடுமை பொறுக்கத்தக்கதாய் இருந்ததற்கு இதுவே காரணம்.

ஆனாலும் பாடம் எளிதில் மனத்தில் தங்குவதில்லை. 2023 ஜூனில் வந்த 'டயாப்லோ 4'-ஐ அடுத்த மாதமே திருத்தியபோது, ஆடுகிறவர்களின் பலத்தைக் குறைத்து, ஏறுவதையும் மந்தமாக்கிவிட்டார்கள். கூச்சல் கிளம்பியது. இனி இப்படிச் செய்யமாட்டோம் என்று பொறுப்பாளர்கள் பகிரங்கமாக வாக்களிக்க வேண்டியதாயிற்று. 2024 மே மாதத்தில் பொருள்களை மறுபடி குறைத்து, தெளிவாக்கி, பத்து வருஷத்துக்கு முன் கற்ற அதே பாடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாவரைப்பது ஆடுகிறவர்கள் மட்டும் இல்லை போலும்!

மனிதன் உழைக்கத் தயங்குவதில்லை. சம்பளம் வாங்கும் வேலையை முடித்துவிட்டு வந்து, சம்பளமில்லாத வேலையைக் காசு கொடுத்துச் செய்கிறானே! தன் உழைப்பு தன் கையில் வந்து சேர வேண்டும் என்பது மட்டுமே அவன் கேட்பது. நாலு மணி நேரம் கொடுக்கிறவனும் அதைத்தான் கேட்கிறான். அரை மணி நேரம் கொடுக்கிறவனும் அதைத்தான் கேட்கிறான். சொல்லப்போனால், அரை மணி நேரமே மிச்சமுள்ளவன் கொடுக்கிற அரை மணி, நாலு மணிக்குக் குறைந்ததில்லை. அதை வாங்கிக்கொள்கிறவர்கள், விளையாட்டுச் செய்கிறவர்களானாலும் சரி, கதை எழுதுகிற என் போன்றவர்களானாலும் சரி, அதற்கு ஈடாக ஒரு தோசையாவது வார்த்துப் போட வேண்டும்.