பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தின் மூலப்பொருள்

யாழ்ப்பாணச் சமூக வரலாற்றை எழுதியோர் காணியையும் கல்வியையும் கோயிலையும் பற்றி விரிவாகப் பேசியுள்ளனர். இரவின் வெளிச்சத்தைப் பற்றிப் பேசியோர் அரியர். கிராமங்களுக்கு மின்சாரம் பரவுமுன் திருவிழாவையும் நாட்டுக்கூத்தையும் கலியாணப் பந்தலையும் பகலாக்கியது பெற்றோல்மக்ஸ் விளக்கு. அவ்வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்னும் வினா வரலாற்று மாணவர்க்கும் உரியதே.

அவ்விளக்கில் ஒளிர்வது எண்ணெய்ச் சுடரன்று. அதன்மேல் தொங்கும் ‘மென்ரில்’ என்னும் வலையே. தோரியம், சீரியம் ஆகியவற்றின் நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து உலர்த்திய துணி அது. முதன்முறை கொளுத்துகையில் துணி எரிந்தொழியும். நைத்திரேற்றுக்கள் வெப்பத்தாற் பிரிகையடைந்து, ஒட்சைட்டுக்களாலான சாம்பற்கூடு மட்டும் எஞ்சும். தொட்டால் உதிரும் அக்கூடே மண்ணெண்ணெய் ஆவி எரியும் வெப்பத்தில் வெண்ணொளி வீசுகின்றது. ஒஸ்திரிய நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் அவுவர் 1885இல் ஆக்கிய முதல் மென்ரில் வேறு ஒட்சைட்டுக்களாலானது. அதன் ஒளி பச்சை கலந்திருந்தமையால் மக்கள் விரும்பிலர். நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஒட்சைட்டும் 1 பங்கு சீரியம் ஒட்சைட்டும் என்னும் கலவையை 1891இல் அவர் கண்டபின்னரே அது உலகச் சந்தையை வென்றது.

இனி, உலகம் தோரியத்தைத் தேடலாயிற்று. இலங்கைக் கனிப்பொருளாய்வின் முதற் பணிப்பாளராக ஆனந்த குமாரசுவாமி விளங்கிய காலத்தில், 1904இல், சப்பிரகமுவப் பகுதியிற் கிடைத்த தோரியம் செறிந்த கனிப்பொருளொன்று ‘தோரியனைற்று’ எனப் பெயர் பெற்றது. பின்னாளிற் கலை வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற தமிழர், அன்று மண்ணையும் கல்லையும் ஆராய்ந்தவர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1909இல் ஜெர்மானியரான சொம்பேர்க் தென்திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மொனசைற்று மணலை இனங்கண்டார். முதலாம் உலகப்போருக்கு முன் அம்மணல் ஜெர்மனிக்கே பெரிதும் சென்றது. பெற்றோல்மக்ஸ் விளக்கும் பெர்லின் நகரத்தில் உருவானதே.

ஆக, தமிழர் வாழ் கரையின் மணல் கப்பலேறி, அந்நியத் தொழிற்சாலையில் பண்டமாகி, விலைபெற்று மீண்டது. தேயிலையும் இறப்பரும் காட்டும் குடியேற்றப் பொருளாதார உறவை ஒரு விளக்கின் சாம்பற்கூடும் காட்டுகின்றது.

1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்று, மண்ணெண்ணெய் அருமையானபோது பெற்றோல்மக்ஸும் கைகொடுக்கவில்லை. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் திரியும் இட்ட விளக்கில் ஒரு தலைமுறை கற்றது. மூலப்பொருள் மண்ணில் இருப்பது மட்டும் ஒரு சமூகத்துக்கு வெளிச்சம் தருவதில்லை. அதனைப் பண்டமாக்கும் அறிவும், பண்டத்தின்மீதான அதிகாரமும் யாரிடம் உள்ளன என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது.