பிளந்த கப்பலும் மறுக்கப்பட்ட பட்டமும்

1943 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆந் திகதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் போட்லண்ட் நகரில், கப்பல் கட்டுந் தளத்தின் ஓரமாக நின்ற 'ஸ்கெனெக்ரடி' என்னும் எண்ணெய்க் கப்பல் நடுவே பிளந்தது. புயலில்லை, அலையில்லை, பகைவரின் குண்டுமில்லை. ஓட்டப் பரீட்சையை முடித்துக்கொண்டு சற்று முன்னரே திரும்பிய புதுக் கப்பல் அது. ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்ட பேரோசையோடு மேற்றளத்திலிருந்து அடிவரை வெடிப்பு ஓடிற்று. முன்பாகமும் பின்பாகமும் ஆற்றின் அடியிலே தாழ்ந்தன; நடுப்பாகம் நீரைவிட்டு வீட்டு முகடுபோல மேலெழுந்து நின்றது.

இது தனியொரு விபத்தன்று. 1941 முதல் 1945 வரை அமெரிக்கத் தளங்கள் 'லிபேட்டி' வகைச் சரக்குக் கப்பல்கள் மட்டும் 2,710 கட்டின. தகடுகளைத் தறையாணி கொண்டு பொருத்தும் பழைய முறை போரின் அவசரத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே வெல்டிங் என வழங்கும் உருக்கியொட்டும் முறை கையாளப்பட்டது. 1942 நவம்பரில் ஒரு கப்பல் ஐந்து நாட்களுக்குள்ளேயே நீரில் இறக்கப்பட்டது. அந்த வேகத்தைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் போர்க்காலத்திலே இவ்வாறு கட்டப்பட்ட பல்வகைக் கப்பல்களில் ஏறத்தாழ 1,500 பெரும் வெடிப்புகள் நேர்ந்தன. பன்னிரண்டு கப்பல்கள் இரண்டாக முறிந்தன. 1943 நவம்பர் 24 இல் 'ஜோன் பி. கெயின்ஸ்' முறிந்தபோது பத்து உயிர்கள் பலியாயின.

பழி யார்மீது விழுந்தது? வயலையும் சமையலறையையும் விட்டுவந்து, குறுகிய காலப் பயிற்சியோடு தீப்பொறிகளின் நடுவே நின்ற புதுத் தொழிலாளர்மீது. அவருட் பலர் பெண்கள். பலர் கறுப்பின மக்கள். அனுபவமற்ற கைகளே கப்பலைக் கெடுத்தன என்ற நியாயம் எளிதானது, முதலாளிக்கும் வசதியானது. ஒட்டுவேலையிற் குறைகள் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், குறையற்ற ஒட்டுக்களிலும் வெடிப்புக்கு வழி இருந்ததா என்ற வினாவுக்குக் கையைப் பார்த்து விடைகாண முடியாது; உருக்கையே கேட்க வேண்டும். உருக்கைக் கேட்கத் தெரிந்தவருள் ஒருவர் அப்போது கேம்பிறிட்ஜிலே இருந்தார். அவர் ஒரு பெண். அவர் படித்துத் தேறிய பல்கலைக்கழகமோ அவருக்கு முழுமையான பட்டம் வழங்கியிருக்கவில்லை.

கொன்ஸ்ரன்ஸ் ஈலாம் 1894 இற் பிறந்தார். மணமானபின் ரிப்பர் எனப் பெயர் பெற்றார். கேம்பிறிட்ஜின் நியூனம் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானங்களைக் கற்று 1915 இற் பரீட்சையிலே தேறினார். தேறலாம், பட்டம் பெறலாகாது. அதுவே அங்கு பெண்களுக்கு வகுக்கப்பட்ட நீதி. 1921 இல் பெண்களை ஆண்களுக்குச் சமமாக ஏற்கும் பிரேரணை தோற்கடிக்கப்பட்டது. அந்த வெற்றிக் களிப்பில் ஆண் மாணவர் கூட்டமொன்று நியூனம் கல்லூரியின் வெண்கலக் கதவுகளைக் கைவண்டியால் மோதிச் சிதைத்தது. பெண்களுக்குக் கிடைத்தது பெயரளவிலான பட்டமே. பல்கலைக்கழக ஆட்சியில் அவர்களுக்கு வாக்கில்லை. உலகின் அறிவுத் தலைநகரென்று நம் மாணவருக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் இடத்தின் வரலாறு இது.

ஈலாம் இலண்டனுக்குச் சென்றார். இலண்டன் பல்கலைக்கழகம் 1878 ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குப் பட்டங்களைத் திறந்துவிட்டிருந்தது. அங்குள்ள அரச சுரங்கக் கல்லூரியில், உலோகவியற் பேராசிரியர் காப்பென்ரரின் உதவியாளராக அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தையும் இலண்டனிலேயே பெற்றார். இன்று திரவிய விஞ்ஞானம் என்று தனிப்பெயரோடு நிற்கும் துறைக்கு அப்போது பெயரே இல்லை. அமெரிக்காவின் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகம் அப்பெயரில் ஒரு பகுதியை அமைத்ததே 1950களின் பிற்பகுதியிற்றான். பெயரில்லாத துறையிலே, பட்டமில்லாத பெண் மேற்படிப்பு மேற்கொண்டார்.

அவர் செய்த வேலை யாதென்பதைச் சற்று விரித்துக் கூற வேண்டும். நாம் காணும் உலோகம் எண்ணற்ற சிறு பளிங்குகளின் திரள். அலுமினியக் கோலொன்றைச் சற்றே இழுத்து, பல நாட்கள் படிப்படியாகச் சூடாக்கினால், ஒரு பளிங்கு தன் அயலவற்றை விழுங்கி வளரும். ஈற்றிற் கோல் முழுவதும் ஒற்றைப் பளிங்காகும். பொறுமையை உண்ணும் வேலை. அத்தகைய கோல்களைக் கொண்டு ஈலாமும் கேம்பிறிட்ஜ் அறிஞர் ஜி. ஐ. ரெய்லரும் நடத்திய ஆய்வு, 1923 இல் றோயல் சங்கத்தின் பேக்கேரியன் விரிவுரையாயிற்று. இழுக்கப்படும் பளிங்கு ஏனோதானோவென்று நீள்வதில்லை. குறித்த தளங்களில், குறித்த திசைகளில், சீட்டுக்கட்டின் சீட்டுகள்போல வழுக்குகிறது என்பதை அவ்வாய்வு அளந்து காட்டியது. இதனாற் பயன் என்ன என்று அன்று ஒரு கணக்காளர் கேட்டிருந்தால் விடையிறுப்பது கடினம். இருபது ஆண்டுகள் கழித்து, விடை வட அத்திலாந்திக்கின் குளிர்நீரிலே கிடந்தது.

போர் வந்து ஆண் ஆசிரியர் பலர் வெளியேறிய பின்னரே கேம்பிறிட்ஜ் பொறியியற் பகுதியின் கற்பிக்கும் பொறுப்பு ரிப்பருக்குக் கிடைத்தது. பிளந்த கப்பல்களின் தகடுகள் ஆய்வுக்கு வந்தன. வெட்டுக்காயமிட்ட தகட்டுத் துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் இழுத்து முறிக்கும் சோதனையை அவர் வகுத்தார்; அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் கண்டது இது: மிதமான வெப்பநிலையிற் பளிங்குகள் வழுக்கி இடங்கொடுக்கும் அதே உருக்கு, ஒரு குறித்த வெப்பநிலைக்குக் கீழே இடங்கொடாது கண்ணாடிபோலப் பிளந்துவிடுகிறது. தறையாணிக் கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். உருக்கியொட்டிய கப்பலோ ஒரே உடல். அதில் வெடிப்பைத் தடுக்கும் எல்லை இல்லை. மேற்றளத்துப் பொறிவாய்களின் கூர்மூலைகளிற் பிறந்த வெடிப்பு கப்பலைச் சுற்றி ஓடியது அதனாலேயே. ஒட்டியவர் குற்றவாளிகளாகத் தோன்றிய காரணமும் அதுவே. அமெரிக்க ஆய்வாளரும் தகட்டின் குணத்தையே நோக்கித் திரும்பினர். மூலைகள் வளைவாக்கப்பட்டன, பின்னாளிற் காபனைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிய உருக்கு புழக்கத்துக்கு வந்தது. ஒட்டுவேலை கைவிடப்படவில்லை, இன்றைய கப்பல்களும் ஒட்டியே கட்டப்படுகின்றன.

கேம்பிறிட்ஜ் 1948 இலேயே பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்க இசைந்தது. அப்பட்டத்தை முதலிற் பெற்ற பெண் யார் தெரியுமா? ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் துணைவியார் எலிசபெத் அரசியார். அதுவும் கௌரவப் பட்டம். பரீட்சை எழுதித் தேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தோர் அவருக்குப் பின்னே வரிசையில் நின்றனர். 1949 இல் ரிப்பர் பல்கலைக்கழகத்தின் றீடர் ஆனார்; பொறியியற் பகுதியின் முழுநேர ஆசிரியருள் அவரே ஒரே பெண். 1960 இல் ஓய்வு பெற்றார். உருக்கின் நொறுங்கு முறிவைப் பற்றிய அவரது நூல் 1962 இல் வெளிவந்தது.