வளை போனால் வேட்டைக்காரனும் போச்சு

இன்னைக்கு நாம வட அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளிக்குப் போறோம். மழை குறைவு, மரமும் அபூர்வம். வெயில், பனிக்காற்று, மேலே வட்டமிடுற கழுகு, இதுக்கெல்லாம் ஒளிய இடம் எங்கே? மண்ணுக்குள்ளதான்.

அங்கே பிரெய்ரி நாய்னு ஒரு பிராணி. பேருதான் நாய், உண்மையில் அணில் குடும்பம். ஆபத்து வந்தா குரைக்கிற மாதிரி கத்தும். கூட்டங்கூட்டமா வளை தோண்டி வாழும். தண்ணீரைத் தேடி அலையாது. தின்னுற புல்லிலேயே வேண்டிய ஈரம் கிடைச்சிடும். எதிரி வர்றது தெரியணும்னு வளையைச் சுற்றி உயரமா வளர்ற செடிகளைக் கடிச்சுத் தள்ளிடும்.

இந்த வளைகளையே நம்பி வாழ்றது கருங்கால் ஃபெரட். நீர்நாய் குடும்பம், பார்க்க நம்ம கீரி மாதிரி ஒல்லியா, நீளமா இருக்கும். அதோட சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் பிரெய்ரி நாய்தான். குடியிருக்கிறதும் அதோட வளையில்தான்.

20-ஆம் நூற்றாண்டில், 'மாட்டுக்கான புல்லைத் தின்னுது' என்று சொல்லி பிரெய்ரி நாய்களைப் பெருமளவில் விஷம் வைத்துக் கொன்றார்கள். அரசாங்கமே முன்னின்று செய்தது. புல்வெளியும் உழுநிலமாச்சு. வெளியிலிருந்து வந்த பிளேக் நோயும் சேர்ந்தது. ஃபெரட்டை யாரும் குறிவைக்கலை. ஆனா சோறும் வீடும் ஒண்ணா போச்சு. 1979-இல் கூண்டில் இருந்த கடைசி ஃபெரட்டும் செத்ததும், இனமே அழிஞ்சதுன்னு பலரும் நினைச்சாங்க.

1981-இல் வயோமிங் மாநிலம் மீட்டீட்ஸி அருகே, ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. தேடினால், அங்கே ஒரு கூட்டமே உயிரோடு! சில வருஷத்தில் அதையும் நோய் தாக்கியது. 1987-க்குள் மிஞ்சின 18-ஐயும் பிடிச்சு, கூண்டில் இனப்பெருக்கம் செய்தார்கள். இன்றைய ஃபெரட்கள் கிட்டத்தட்ட எல்லாமே அவற்றில் 7-இன் வாரிசுகள். 1991-இல் மறுபடி புல்வெளியில் விட ஆரம்பிச்சாங்க. 1988-இல் செத்த வில்லா என்ற ஃபெரட்டின் உறையவைத்த செல்லிலிருந்து 2020-இல் எலிசபெத் ஆன் என்ற குளோனும் பிறந்தது.

இதில் எனக்கு முக்கியமாப் படுறது ஒண்ணுதான். ஆய்வகத்தில் ஃபெரட்டை உருவாக்கிடலாம், வளையை உருவாக்க முடியாது. அதனால்தான் இன்னைக்கும் வளை வளையாப் போய், பிளேக்கைப் பரப்புற தெள்ளுப்பூச்சிக்கு மருந்து தூவுறாங்க. ஒரு காலத்தில் விஷம் வெச்ச அதே பிரெய்ரி நாயைக் காப்பாத்தத்தான்.