இமை வீங்கினால் கேட்க வேண்டிய கேள்விகள்: சரபோஜி ராஜா விட்டுப்போன பாடம்

இன்னைக்குக் கண் இமையைப் பத்திப் பேசப்போறோம்.

கடலூர், சிதம்பரம் பக்கம் இமையில ஒரு கட்டி வந்தா என்ன செய்வோம்? நாமக்கட்டியை உரைச்சுப் போடுவோம். உள்ளங்கையில விரலைத் தேய்ச்சு அந்தச் சூட்டை வைப்போம். அதுக்கும் அடங்கலன்னா மெடிக்கல் ஷாப்புல ஒரு சொட்டு மருந்து. ஆனா இது எப்போ ஆரம்பிச்சது, முன்னாடி வந்திருக்கான்னு பெரும்பாலும் யாரும் கேக்கறதில்ல.

அந்தக் கேள்விகளோட வரலாறு நம்ம ரயில் பாதையிலேயே இருக்கு. சிதம்பரத்துல ஏறினா மயிலாடுதுறை, கும்பகோணம் தாண்டித் தஞ்சாவூர்.

அங்கே 1798 முதல் 1832 வரை ராஜாவா இருந்தவர் இரண்டாம் சரபோஜி. 1799 ஒப்பந்தத்தோட நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. அவருடைய கவனம் நூலகத்துக்கும் மருத்துவத்துக்கும் திரும்பியது. தன்வந்திரி மஹால்னு ஒரு மருத்துவக் கூடம் வச்சிருந்தார். அங்கே சோதித்த மருந்து முறைகள் தமிழ்ப் பாடல்களாகவும் எழுதப்பட்டன. கண் நோய்க்கென்றே தனித் தொகுப்பு உண்டு.

அதைவிட முக்கியமானது, கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புத் தாள்கள். சரஸ்வதி மஹால் நூலகத்துல இன்னைக்கும் இருக்கு. நோயாளி என்ன சொன்னார், கண் எப்படி இருந்தது, என்ன சிகிச்சைன்னு எழுதி, கூடவே அந்தக் கண்ணையே வண்ணப் படமாகவும் வரைஞ்சு வச்சிருக்காங்க. சென்னையில எழும்பூர் கண் மருத்துவமனை 1819ல தொடங்கியது. ஏறக்குறைய அதே காலம்.

படம் மட்டும் போதாதா? இமை விஷயத்துல போதாது. இமை நோய்கள் மட்டுமே 21 வகைன்னு சுஸ்ருதர் பிரிச்சார். சிவப்பு, வீக்கம், அரிப்பு எல்லாத்துலயும் கலந்துதான் வரும். பிரிச்சுக் காட்டுறது நோயாளி சொல்ற கதை.

எங்க சாஃப்ட்வேர் வேலையிலயும் அப்படித்தான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினா பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. எப்போ வந்தது, என்ன செஞ்சப்போ வந்ததுன்னு தெரியணும்.

காலையில எழும்போது இமை ஒட்டிக்கிட்டு, முடியோரம் பொடுகு மாதிரி செதில் இருந்தா, அது இமை ஓர அழற்சியா இருக்கலாம். அப்போ டாக்டர் தலைப்பொடுகு பத்தியும், முகம் அடிக்கடி சிவக்குதான்னும் கேப்பார். சம்பந்தம் உண்டு. இமைக்குள்ள எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் இருக்கு. 1666ல அதை விளக்கமா எழுதினவர் ஜெர்மன் மருத்துவர் மைபோம். அதனால அவர் பேர்லயே அழைக்கிறாங்க. அந்த எண்ணெய் கெட்டியாகி அடைச்சாலும் கட்டி வரும். வெதுவெதுப்பான ஒத்தடம் அதை இளக்கும். நம்ம பாட்டிங்க வச்ச சூட்டுல விஷயம் இருந்திருக்கு.

ஆனா ஒரே கண்ணுல, அதே இடத்துல கட்டி திரும்பத் திரும்ப வந்தா? இமை முடி கொட்டினா? குறிப்பா வயசானவங்களுக்கு, அது அந்தச் சுரப்பியில வர்ற புற்றுநோயா இருக்கலாம். வெளிநாட்டு வெள்ளையர்களைவிட நம்ம நாட்டுல இது அதிகம் காணப்படுது. பார்க்க சாதாரணக் கட்டி மாதிரியேதான் இருக்கும். "போன தடவையும் இதே இடம்தான்" என்ற ஒரு வரிதான் சந்தேகத்தை எழுப்பும். அதைச் சொல்லாம கடையில ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாசக்கணக்குல போட்டா, நோய் மறைஞ்சு வளரும். கண் அழுத்தமும் ஏறலாம்.

சரபோஜிக்கு ஓவியர் தேவைப்பட்டார். நமக்குக் கையில போன் இருக்கு. இமை வீங்கினா ஒரு போட்டோ எடுங்க. எந்தக் கண், மேல் இமையா கீழ் இமையா, என்ன தேதி, என்ன மருந்து போட்டீங்க, எழுதி வைங்க. ரெண்டாவது முறை வந்தா, அந்தக் குறிப்போட அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்துல இருக்கிற கண் டாக்டர்கிட்டயோ போங்க. வீட்டுல தாத்தா பாட்டி இருந்தா அவங்க இமையையும் இன்னைக்கே ஒரு தடவை பாருங்க.