இடோசுவின் பத்துக் குறிப்புகள்

ஒகினாவாவில் மறைவாகப் பயிலப்பட்டுவந்த கராத்தேயை 1901இல் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் இடோசு அங்கோ. சிறுவர்களுக்காக அவர் அமைத்த பினான் கட்டாக்களையே இன்று நம் பிள்ளைகளும் பல பயிற்சிக்கூடங்களில் பயில்கின்றனர். 1908இல் கல்வித்துறைக்கு அவர் பத்துக் குறிப்புகள் எழுதினார். ஒருவனோடு போட்டியிட்டு வெல்வதற்கானதன்று இக்கலை. முரடன் எதிர்ப்பட்டால் காயமின்றித் தப்புவதற்கே என்கிறார். நாள்தோறும் ஓரிரு மணிநேரம் பயின்றாலும் உடல் மாற மூன்று, நான்கு ஆண்டுகளாகும் என்றும் சொல்கிறார். ஆறே மாதத்தில் பதக்கம் கேட்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்!

அவருடைய மாணவர் ஃபுனகோஷி, கராத்தேயில் முதல் அடி கிடையாது என்று போதித்தார். மல்யுத்தத்தில் வீழ்த்துபவனைவிடச் சினத்தில் தன்னை அடக்குபவனையே வலிமையாளன் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை அறிந்த நமக்கு இது புதிதன்று. பயிற்சிக்கூடத்தில் குனிந்து வணங்கும் வழக்கத்தைப் பற்றி மட்டும், பிள்ளையைச் சேர்க்குமுன்பே ஆசிரியரிடம் பேசிக்கொள்வது நல்லது.