இரவுக் கணக்கு

2020 ஜூலை 8ஆம் தேதி நியூ சவுத் வேல்ஸுக்கும் விக்டோரியாவுக்கும் இடையிலான எல்லையை மூடினார்கள். நான் மெல்பர்னில், கிளென் வேவர்லியில் இருந்தேன். மகள் தன் அம்மாவோடு சிட்னியில், டூங்காபியில். அவளுக்கு அப்போது பத்து வயது. பள்ளி விடுமுறையின் இரண்டாவது வாரம் என்னுடையது; விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. மாதத்தில் ஒரு வார இறுதி, விடுமுறைகளில் பாதி என்று நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டு, 2016இல் நீதிமன்றம் முத்திரையிட்ட உத்தரவு மேஜை இழுப்பறையில் இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஆண்டுக்கு 62 இரவுகள். எல்லையை மூடிவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பன்னிரண்டு பக்கங்களில் ஒரு வரியும் இல்லை.

அதே மாதம் 23ஆம் தேதி சிட்னியில் ஒரு கொலை வழக்கின் முடிவு வந்தது. முன்னாள் தீயணைப்பு வீரர் லியனார்ட் வார்விக் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டார். நாற்பது வருடப் பழைய வழக்கு. 1980 ஜூன் 23 அன்று குடும்ப நீதிமன்ற நீதிபதி டேவிட் ஓபாஸ் வுலாரா வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1984 மார்ச்சில் நீதிபதி ரிச்சர்ட் கீயின் வீட்டில் குண்டு வெடித்தது; அவர் பிழைத்தார். ஏப்ரலில் பரமட்டா குடும்ப நீதிமன்றக் கட்டடத்தில் குண்டு. ஜூலை 4 அன்று கிரீனிச்சில் நீதிபதி ரே வாட்சனின் மனைவி பேர்ல், வீட்டு வாசலிலேயே குண்டுக்குப் பலியானார். அடுத்த ஆண்டு கசூலாவில் ஒரு வழிபாட்டுக் கூடத்தில் இன்னொரு உயிர். எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது ஒரே ஒரு சிறுமி: அவள் யாரிடம் இருக்க வேண்டும், தகப்பன் அவளை எப்போது பார்க்கலாம் என்ற வழக்கு. அந்த வழக்கைக் கையாண்ட நீதிபதிகள்தான் ஒருவர் பின் ஒருவராகக் குறிவைக்கப்பட்டார்கள்.

ஊரடங்கில் தனியாக உட்கார்ந்து இதை வாசித்தபோது முதலில் வந்தது அருவருப்பு. அதற்குப் பிறகு வந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கையை ஓங்கிய ஆள் இல்லை நான். ஆனால் ஒரு காகிதத்தின் மீது அவ்வளவு கோபம் வரும் என்பது எனக்குப் புதிதாக இல்லை. அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது அந்த வாரம்தான். என் தொழிலில், பழைய ஒரு சிஸ்டம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று புரியாவிட்டால் அதன் முதல் வெர்ஷனிலிருந்து பார்ப்போம். அதே பழக்கம்.

முதல் வெர்ஷனில் குழந்தை தகப்பனுடையது. 1924இல் எமிலி போலினி என்ற ஆங்கிலேய நாடக நடிகை சிட்னியில் ஒரு வழக்கு போட்டார். நடிக்க வந்த இடத்தில் ஆஸ்திரேலியர் ஒருவரை மணந்து, மகள் பிறந்து, மணவாழ்க்கை முறிந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பித் தொழிலைத் தொடர்ந்து மகளை வளர்க்க வேண்டும் என்று கேட்டார். சட்டப்படி தகப்பனின் உரிமையே மேலானது என்று நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம் மறுத்தது. மகளை விட்டுவிட்டுக் கப்பலேறிய போலினி 1927இல் இறந்துபோனார். அந்த மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு 1925இல் முதல் பெண் உறுப்பினராகத் தேர்வான மில்லிசென்ட் பிரஸ்டன் ஸ்டான்லி இந்த வழக்கை விடவில்லை. அவர் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. அதன் பிறகு அதையே ஒரு நாடகமாக எழுதி 1932இல் சிட்னியில் மேடையேற்றினார். 1934இல்தான் தாய்க்கும் சம உரிமை தரும் சட்டம் வந்தது. இந்தக் கதையை நான் இரண்டு முறை வாசித்தேன். கடல் கடந்து வந்து, இங்கே திருமணம் முறிந்து, 'குழந்தையோடு ஊருக்கே போய்விடுகிறேன்' என்று அழுத நம் பெண்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நூறு வருடம் முன்னால் ஒருத்தி அதே வாக்கியத்தைச் சொல்லி நின்றிருக்கிறாள்.

இன்றைய கட்டடத்தின் அஸ்திவாரம் 1975ஆம் ஆண்டுச் சட்டம். விட்லாம் அரசில் அட்டர்னி ஜெனரலாக இருந்த லயனல் மர்பி கொண்டுவந்தது. 1976 ஜனவரி 5 முதல் நடைமுறை. அதற்கு முந்தைய 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் விவாகரத்துக்கு 14 காரணங்கள் இருந்தன. துப்பறிவாளரை வைத்து ஹோட்டல் அறைக் கதவைத் தட்டுகிற காலம். புதிய சட்டத்தில் ஒரே காரணம்: திருமணம் மீள முடியாதபடி முறிந்துவிட்டது. அதற்குச் சான்று பன்னிரண்டு மாதம் பிரிந்திருப்பது. தலைமை நீதிபதியாக எலிசபெத் இவாட் வந்தார், 42 வயதில். 2020இல் எனக்கும் அதே வயது. ஆளை மிரட்டாத நீதிமன்றமாக இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் அங்கி அணியக் கூடாது எனச் சட்டத்திலேயே எழுதினார்கள். அந்தக் குண்டுகளுக்குப் பிறகு, 1980களின் இறுதிக்குள் அங்கி திரும்பி வந்தது.

நீதிமன்றம் திறந்த சில ஆண்டுகளிலேயே ஒரு பிரச்சினை எழுந்தது. குழந்தை குறித்த உத்தரவு ஒன்று வந்த பிறகு, பிடிக்காதவர் மறுபடி வரலாமா? எத்தனை தடவை வரலாம்? இவாட் அமர்ந்திருந்த முழு அமர்வு சொன்ன பதில், ரைஸ் - அஸ்ப்லண்ட் விதி என்று அந்த வழக்கின் பெயராலேயே 1979 முதல் வழங்குகிறது. சூழ்நிலை மாறியிருக்க வேண்டும். முன்பு நீதிமன்றத்துக்குத் தெரியாதிருந்த முக்கியமான ஏதோ ஒன்று வெளிவந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய உத்தரவை லேசில் கிளறக் கூடாது. காரணம், வழக்கு ஓயாமல் நடந்தால் அந்த வழக்குக்குள்ளேயே குழந்தை வளர்ந்துவிடும்.

இங்கே சொல் ஒன்று இடறுகிறது. ஆஸ்திரேலியாவில் இந்த உத்தரவுகளின் பெயர் ஃபைனல் ஆர்டர்ஸ். நம் மொழியில் தீர்ப்பு என்ற சொல்லுக்குள்ளேயே தீர்தல் உட்கார்ந்திருக்கிறது. தீர்ந்தால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் குழந்தை விஷயத்தில் எதுவும் தீர்வதில்லை என்று நம் பக்கத்து நீதிமன்றம் அதற்கு முன்பே சொல்லியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், 1973இல் இந்திய உச்ச நீதிமன்றம், பிள்ளையின் பொறுப்பு பற்றிய உத்தரவு தன் இயல்பிலேயே தற்காலிகமானது, பிள்ளையின் தேவை மாறினால் அதுவும் மாறும் என்றது. அங்கே பெயர் தற்காலிகம், கதவு திறந்தே இருக்கிறது. இங்கே பெயர் இறுதி, கதவு பூட்டியிருக்கிறது, சாவி மட்டும் உண்டு. எது நல்லது என்று கேட்டால், 2020இல் நான் சென்னைப் பக்கம் நின்றிருப்பேன்.

வக்கீலிடம் தொலைபேசியில் கேட்டேன். எல்லை மூடல் தற்காலிகம், திறந்துவிடும். அதை வைத்து உத்தரவைத் திறக்க முடியாது என்றார். பெருந்தொற்றில் எழும் அவசரத் தகராறுகளுக்கென்று நீதிமன்றம் தனிப் பட்டியல் ஒன்றைத் தொடங்கியிருந்தது உண்மை. 'உங்கள் குழந்தை பாதுகாப்பாக இருக்கிறாள், நீங்கள் வீடியோவில் பேசுகிறீர்கள், இதில் அவசரம் என்ன?' என்றார். பதில் இல்லை. நவம்பர் 23 வரை எல்லை திறக்கவில்லை.

பணத்தின் கதை வேறு பாதையில் வந்தது. இந்தியாவில் ஜீவனாம்சம், இலங்கையில் தாபரிப்பு என்று நாம் சொல்வதை இந்த நாட்டிலும் முதலில் நீதிபதிதான் நிர்ணயித்தார். தொகை ஒரு முறை எழுதப்பட்டால் விலைவாசி ஏறினாலும் அப்படியே நிற்கும். பலர் அதையும் கட்டவில்லை. பிள்ளைகளோடு தனியாக நின்ற தாய்மார்களை அரசு உதவித்தொகை தாங்கியது. ஹாக் அரசு 1988 ஜூன் முதல் வசூலை வரித்துறையிடம் கொடுத்தது, சம்பளத்திலேயே பிடித்தார்கள். 1989 அக்டோபரில் நிர்ணயிக்கும் வேலையையும் நீதிபதியிடமிருந்து எடுத்து ஒரு சூத்திரத்திடம் கொடுத்தார்கள். வாழ்க்கைச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள வருமானத்தில் ஒரு குழந்தைக்கு 18 சதவீதம், இரண்டுக்கு 27, மூன்றுக்கு 32.

சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேட்ரிக் பார்க்கின்சன் தலைமையிலான குழு 2005இல் தந்த அறிக்கையின்படி, 2008 ஜூலையில் சூத்திரம் மாறியது. இப்போது இரண்டு பேர் வருமானமும் கணக்கில் வரும், குழந்தையின் வயது வரும், குழந்தை யாரிடம் எத்தனை இரவு தூங்குகிறது என்பதும் வரும். 52 இரவுக்குக் கீழே என்றால் உங்கள் பங்களிப்பு பூஜ்யம். 52ஐத் தொட்டால், குழந்தையின் செலவில் 24 சதவீதத்தை நீங்கள் நேரடியாகச் செய்வதாக வைத்துக்கொள்வார்கள். 127 இரவு வரை அதே 24தான். 128இலிருந்து படிப்படியாக ஏறும்.

இப்படிப் படிக்கட்டு வைத்த சூத்திரத்தை எந்த புரோகிராமரிடம் கொடுத்தாலும், எந்த இடத்தில் எண் குதிக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பான். நானும் பார்த்தேன். எக்செல்லில் ஒரு தாள் போட்டேன். பச்சைக் கட்டம் என் இரவு, வெள்ளைக் கட்டம் அவருடையது. 62ஐ 128 ஆக்க வேண்டுமானால் எந்தெந்த வாரத்தைக் கேட்கலாம் என்று மூன்று வடிவங்கள் தயாரித்தேன். மகளைப் பார்க்கும் ஆசைதான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் வரைந்த வடிவங்களில் ஒன்றாவது 110இல் நின்றிருக்கலாம், நிற்கவில்லை.

எல்லை மூடிய அந்த ஆண்டு என் பச்சைக் கட்டங்கள் 31. சூத்திரப்படி பூஜ்யம், நான் அதிகம் கட்ட வேண்டும். மாற்றத்தை இருவருமே அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவர்கள். நான் தெரிவிக்கவில்லை. என் முன்னாள் மனைவியும் தெரிவிக்கவில்லை. அவர் ஏன் விட்டார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

சொற்களும் நடுவில் மாறிக்கொண்டே இருந்தன. 1996இல் 'கஸ்டடி', 'ஆக்சஸ்' போய் 'ரெசிடென்ஸ்', 'கான்டாக்ட்' வந்தது. 2006இல் அவையும் போயின. குழந்தை யாரோடு 'வாழும்', யாரோடு 'நேரம் செலவிடும்' என்று எழுதச் சொன்னார்கள். சொல்லை மாற்றினால் சண்டை குறையும் என்று நம்பியவர்களின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. அதே 2006 திருத்தம்தான் நம் ஆட்களிடையே பெரிய குழப்பத்தையும் விதைத்தது. கேரம் டவுன்ஸ் கோயில் கார் நிறுத்துமிடத்தில் ஓர் ஐயா என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "தம்பி, இஞ்சை சட்டம் பாதிக்குப் பாதி. ஒரு லோயரைப் பிடிச்சு வழக்கைப் போடும்." சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. பிள்ளையின் படிப்பு, வைத்தியம் போன்ற பெரிய முடிவுகளில் இருவருக்கும் சம பொறுப்பு என்று அனுமானித்துத் தொடங்கு என்றது. நேரத்தைப் பாதியாக வெட்டச் சொல்லவில்லை. அந்த அனுமானமும் 2024 மே 6 முதல் சட்டத்தில் இல்லை. அதே நாளில் ரைஸ் - அஸ்ப்லண்ட் விதி, 45 ஆண்டு வழக்கு மரபாக இருந்தது, சட்டப் பிரிவாகவே எழுதப்பட்டது. சூழ்நிலை கணிசமாக மாறியதா, மீண்டும் திறப்பது பிள்ளைக்கு நல்லதா என்று பார்க்காமல் இறுதி உத்தரவைத் தொடக் கூடாது.

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒன்று நடந்தது. சூத்திரத்தில் 13க்கு மேற்பட்ட பிள்ளைக்குச் செலவு அட்டவணை தனி. பிறந்தநாள் வந்ததும் தொகை தானாக ஏறியது; யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரும் வழக்குப் போடவில்லை. கேக் வெட்டிய மறுவாரம் கடிதம் வந்தது. அன்று இழுப்பறையிலிருந்து 2016 உத்தரவை எடுத்துப் பார்த்தேன். தினமும் மாலை ஆறரைக்கு வீடியோ அழைப்பு, பதினைந்து நிமிடத்துக்கு மிகாமல். பிள்ளையை விமானத்தில் தனியாக அனுப்பக் கூடாது. கார் சீட் இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும். பணத்தின் தாளில் அவள் வளர்ந்திருந்தாள். இந்தத் தாளில் அவளுக்கு இன்னும் ஆறு வயது.

நீதிமன்றத்துக்குப் போகாமலே உத்தரவை மாற்ற ஒரு வழி இருப்பதைக் கோயில் வாசலில் யாரும் சொன்னதில்லை. மிரட்டல், வற்புறுத்தல் இல்லாமல் இரண்டு பெற்றோரும் ஒப்புக்கொண்டு, எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டால் போதும்; பழைய உத்தரவே அதைத் தடுத்திருந்தால் தவிர, முரண்படும் இடங்களில் புதியதே செல்லும். 2024 ஆகஸ்டில் சிட்னி போனபோது டூங்காபி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒன்பது வருடத்தில் அந்த வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. இரண்டு பக்க வரைவு ஒன்று கொண்டுபோயிருந்தேன். 128 இல்லை, அந்த எக்செல் தாளை அதற்குள் விட்டிருந்தேன். பழைய 62தான், தனி விமானப் பயண அனுமதியோடு.

மகள் முழுதும் வாசித்தாள். பேனாவை எடுத்து, மாதம் ஒரு வார இறுதி மெல்பர்னில் என்ற வரியை அடித்தாள்.

"சனிக்கிழமை நெட்பால் இருக்குப்பா. மாசம் ஒண்ணு விட்டா டீம்ல எடுக்க மாட்டாங்க. நீங்க வாங்க."

அவள் அம்மா என்னைப் பார்த்தார். இருவருக்கும் அந்த எண் தெரியும். விடுமுறைகளில் பாதி மட்டும் என்றால் 42 இரவு. நான் சிட்னி வந்தாலும் ஹோட்டலில்தான் தங்குவேன், அவள் தன் படுக்கையில் தூங்குவாள். ஆட்டம் பார்க்கிற பகலுக்குச் சூத்திரத்தில் இடமில்லை.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். மகளின் கையெழுத்துக்குச் சட்டத்தில் தேவையில்லை, அவளாகவே போட்டாள். திங்கட்கிழமை இரவு அரசின் தளத்தில் நானே உள்ளே போய் 62ஐ 42 ஆக்கினேன்.

அந்த வாரச் சனிக்கிழமை ஆட்டம் காலை 9:20க்கு. மெல்பர்னிலிருந்து ஆறு மணி விமானம் பிடித்தால் முதல் குவார்ட்டருக்கே போய்விடலாம்.