வயது முதிர்ந்தால் திறக்கும் வாயில்

சென்னையில் பதிவு செய்த மோட்டார் வண்டியுடன் தில்லிக்கோ மும்பைக்கோ குடிபெயரும் நாம், ஓராண்டுக்குமேல் அங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறவேண்டும் என்பதை அனுபவத்தால் அறிவோம். ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு என்றால், கடல் கடந்து வரும் பழைய வண்டியின் நிலை யாது? அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவ்வினாவுக்கு அளித்த விடை சற்று விந்தையானது.

அந்நாட்டில் 1966ஆம் ஆண்டு மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1968 முதல் விளக்கு, கண்ணாடி, இருக்கைவார் முதலியன அரசு வகுத்த விதிகளுக்கு உட்பட்டன. அயல்நாட்டுச் சந்தைக்கெனச் செய்த வண்டிகள் அவற்றுக்குப் பொருந்தா. ஆயினும் பிணைப்பணம் கட்டி வண்டியைக் கொணர்ந்து, பின்னர்த் திருத்திக்கொள்ள வழியிருந்தது. 1980களின் முற்பகுதியில் டாலரின் மதிப்பு உயர்ந்தபோது, ஜெர்மனியிலேயே மெர்சிடிஸ் வாங்கிக் கப்பலேற்றுவது மலிவாயிற்று. 1985இல் 60,000க்கும் மேற்பட்ட வண்டிகள் இவ்வாறு வந்திறங்கின. திருத்தம் பல இடங்களில் பெயரளவில் நடந்தது உண்மையே. ஆனால், விற்பனை முகவர்களின் வாணிபம் குறைந்ததே உரத்த குரலை எழுப்பிற்று என்பது நம் கருத்து.

1988ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியை அடைத்தது. இனிப் பதிவுபெற்ற இறக்குமதியாளர் வாயிலாகவே திருத்தம் நடைபெறவேண்டும்; செலவோ தனியொருவர் எளிதில் தாங்கத்தக்கதன்று. ஒரே ஒரு சாளரம் திறந்திருந்தது. செய்யப்பெற்று 25 ஆண்டுகள் நிறைந்த வண்டிக்குப் பாதுகாப்பு விதிகள் தடையாகா. புதியதும் உறுதியானதுமான வண்டி துறைமுகத்தில் நிற்க, அதனினும் பழையது தடையின்றி உள்ளே செல்லும்! அயல்நாட்டு வண்டிகளின்மீது பித்துக்கொண்டோர் நாட்காட்டியை நோக்கிக் காத்திருந்தனர். 1989 ஆகஸ்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். வண்டிக்கு 2014 ஆகஸ்டில்தான் வேளை வந்தது. ஆண்டு மட்டும் போதாது. செய்த மாதமும் கணக்கில் சேரும்.

நம்மைத் தொடும் செய்தி இனிமேல்தான். ஜப்பானிய உழவர்கள் விளைபொருள் ஏற்றும், 660 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட சிறு சுமைவண்டிகளும் இச்சாளரத்தின் வழியே வந்தன. நடுவண் அரசு தீர்வை பெற்று விடுத்த அவ்வண்டிகளைச் சில மாநிலங்கள், சாலைக்குத் தகாதவை என்று பதிவு செய்ய மறுத்தன. முறைப்படி பணம் கட்டியவர் கையில் சுங்கத் தாள் இருந்தது. வண்டியில் எண்பலகை இல்லை. டெக்சஸில் உரிமையாளர்கள் விடாது முறையிட்டனர். 2024இல் அம்மாநிலம் இணங்கிற்று. எனினும், அங்கிருந்து வேறு மாநிலத்துக்குக் குடிபெயர எண்ணும் வண்டிக்காரர், அங்கும் பதிவு கிட்டுமா என்று முன்னரே விசாரித்துக்கொண்டுதான் புறப்படவேண்டும்.